காஞ்சிப் பல்லியைத் தொட்ட கை

எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்த ஆண்டின் மாசித் திங்களில், முசரவாக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பல்லி நழுவி அம்மாவின் உச்சந்தலையில் விழுந்தது. நான் காஞ்சிபுரத்தை முதன்முறையாகக் கண்டது அந்தப் பல்லியின் அருளால்தான்.

விழுந்த பல்லி தன் போக்கில் சுவரேறிப் போய்விட்டது. வீடுதான் நிலைகுலைந்து நின்றது. அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். பேறுகாலத் துணைக்காக அப்பாவின் தமக்கையாகிய அத்தை எங்களோடு வந்து தங்கியிருந்தார். அவர் பஞ்சாங்கத்தின் கடைசித் தாள்களைப் புரட்டிப் பல்லி விழும் பலனை உரத்த குரலில் படிக்கத் தொடங்கி, ‘தலை’ என்ற சொல்லுக்கு அடுத்து வந்ததைப் படிக்காமலே மூடிவைத்தார். படித்திருந்தாலாவது அம்மா ஓர் அளவோடு அஞ்சியிருப்பார். படிக்காமல் விட்டதனால் அந்த அச்சத்துக்கு எல்லை இல்லாமற்போயிற்று.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்பு எனக்கொரு தம்பி பிறந்து, பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே இறந்துபோனான். அவன் பிறப்பதற்கு முந்தைய மாதம் ஒரு பல்லி தம் தோளில் விழுந்ததென்றும், சொன்னால் நகைப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் விட்டதாகவும் அம்மா இப்போதுதான் வாய் திறந்தார். “அப்பவே சொல்லியிருந்தா போயி தொட்டுட்டு வந்திருக்கலாமேம்மா” என்றார் அத்தை. அச்சொல்லுக்குப் பிறகு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டுவிட்டு வருவது என்பது காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில், மேற்கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும். அவற்றைத் தொட்டவர்மேல் எந்தப் பல்லி விழுந்தாலும் தீங்கில்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போகமுடியாதவர்களுக்கும் வழியுண்டு. தொட்டு வந்த ஒருவரின் கை தங்கள்மேல் பட்டாலே போதும். எட்டு மாத வயிற்றோடு அம்மா பேருந்தில் குலுங்க இயலாது; அவரை விட்டு அத்தையும் நகரமுடியாது. ஆகவே யாரேனும் ஒருவர் போய், தொட்ட கையோடு திரும்பவேண்டும்.

அந்த ஒருவர் அப்பாவாக இருக்கமுடியாது என்பதுதான் எங்கள் வீட்டின் சிக்கல். அப்பா பகலில் வாலாஜாபாத்து நெல் ஆலையில் மூட்டைகளை எடைபோடுபவர்; மாலையில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மூடநம்பிக்கைகளை எடைபோடுபவர். பேருருவம், பெருங்குரல், முன்தள்ளிய வயிறு. பூனை குறுக்கே போனால் அந்தப் பூனைக்கு என்ன ஆகும் என்று கேட்டு ஊரையே சிரிக்கவைத்தவர். பல்லி செய்தியைக் கேட்டதும், “ரெண்டு பல்லி சண்ட போட்டுக்கினு ஒண்ணு தவறி வுழுந்துச்சி. அதுக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிரவும் மறுநாளும் அம்மாவின் தட்டு வைத்தபடியே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அப்பா யாரையும் பார்க்காமல், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துப் பேசினார்.

“பாப்பாவுக்கு பாடத்துல பல்லவர் வந்திருக்குது. புஸ்தகத்துல படிச்சா மண்டையில ஏறாது. காஞ்சிபுரத்தக் கூட்டிக்கினு போயி சுத்திக் காட்டலாம்னு பாக்கறேன்.”

“கோயிலுக்குப் போவியா தம்பி?” என்றார் அத்தை.

“சிற்பம் பாக்கப் போவேன். சின்னப் புள்ள, எதையாவது தொடும். அத நான் இன்னாத்துக்குத் தடுக்கணும்?”

எல்லாரும் புரிந்துகொண்டார்கள், என்னைத் தவிர. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நான் காஞ்சிபுரம் போகிறேன். அத்தை எனக்கு எண்ணெய் வழிய வாரிப் பின்னிவிட்டுக்கொண்டே ஆணையிட்டார். வலக்கையால் தொடவேண்டும். இரண்டையும் தொடவேண்டும். வந்து அம்மாவின் தலையில் வைக்கவேண்டும். “தொட்ட கைய பத்திரமா கொண்டா” என்று முடித்தார். அம்மா என்னை அருகில் இழுத்து, “நீ வா கண்ணு. வந்த பெறகு அம்மா சாப்புடறேன்” என்றார். இவ்வளவு பெரிய பொறுப்பை அதற்கு முன்பு எவரும் எனக்கு அளித்ததில்லை. பள்ளியில் மணியடிக்கும் பொறுப்பைக்கூட இரண்டாம் நாளே பறித்துக்கொண்டார்கள்.

பேருந்தின் சன்னலில் ஊருக்கு முன்பாகவே கோபுரம் வந்துவிட்டது. வயல்களுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒன்று. சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு எண்ணுவதை நான் கைவிட்டேன். அப்பாவோ ஏறியது முதல் ஓயவில்லை. பல்லவர் எங்கிருந்து வந்தார்கள், கடல் கடந்து எங்கெல்லாம் போனார்கள், கல்லை ஏன் குடைந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, முன்னிருக்கையில் இருந்தவர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். நிலையத்தில் இறங்கியபோது எனக்கு மூச்சு முட்டியது. இத்தனை மனிதர்கள், இத்தனை மிதிவண்டிகள், கடைதோறும் கண்ணாடிக்குப் பின்னே மடிப்பு மடிப்பாகப் பட்டு! பட்டுக் கடைகளின் நிறங்களைப் பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒரு மாட்டின்மேல் மோதிக்கொண்டேன். மாடு என்னைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு அது அன்றாடம் நிகழ்வது போலும்.

“மொதல்ல வேலைய முடிப்போம். பெறகு ஊரு” என்றார் அப்பா. சின்ன காஞ்சிபுரத்துக்குக் குதிரைவண்டியில் போனோம். என் வாழ்நாளின் முதல் குதிரைவண்டி அது. அதற்கடுத்த ஒன்று எனக்கு வாய்க்கவேயில்லை.

கோயிலின் உட்சுற்றில், படியேறிப் போய்க் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன அப்பல்லிகள். தங்கப் பல்லி என்றதும் முதலையளவில் ஒன்றை நான் எண்ணியிருந்தேன். இவையோ வீட்டுப் பல்லியைவிடச் சற்றே பெரியவை. பக்கத்தில் கதிரவன், திங்கள் உருவங்கள். எத்தனையோ ஆயிரம் விரல்கள் தடவித் தடவி முதுகு வழுவழுத்துப் போயிருந்தது. அப்பா என் இடுப்பைப் பிடித்து உயர்த்தினார். முதலில் தங்கம், பிறகு வெள்ளி. தலையிலிருந்து வால்வரை. விரல்நுனி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி தோள்வரை ஏறியதாக நான் உறுதியாக நம்பினேன்.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மையார் அப்பாவைப் பார்த்து, “நீயும் தொடுபா. கைய நீட்டுனா எட்டப்போவுது. எக்கக்கூட வேணாம்” என்றார்.

“எனக்கு வேணாம்மா. நான் பாக்க வந்தவன்.”

“பாக்கறவன் தலையில பல்லி வுழாதா?”

“வுழுந்தா அதுக்குத்தான் அடிபடும்” என்றார் அப்பா. வரிசை சிரித்தது. அவரும் சிரித்தபடி என்னை இறக்கிவிட்டார். இறங்கிய அந்த நொடியிலேயே நான் வலக்கையை இறுக மூடிக்கொண்டேன்.

நூற்றுக்கால் மண்டபத்தில்தான் என் மூடிய கையை அப்பா கண்டார். ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கிய சங்கிலி அங்கே மூலையில் தொங்குகிறது. இரும்பில் செய்வதையே வியக்கும் எனக்கு, கல்லில் அதைப் பார்த்ததும் கூச்சலிடத் தோன்றியது. கூச்சலிட்டேன். குதிரைமேல் வீரர்கள் பாயும் தூண்களைச் சுற்றி ஓடினேன். அப்பா ஒரு குதிரையின் வாயைக் காட்டி, “கைய வுட்டுப் பாரு. உள்ள பல்லுகூட செதுக்கியிருக்கான்” என்றார். நான் இடக்கையை விட்டேன்.

“அந்தக் கைக்கு இன்னா?”

“இதுலதான் பல்லி இருக்குது” என்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு, தூணில் சாய்ந்தபடி, திறந்துகாட்டச் சொன்னார். நான் மறுத்தேன். எதையாவது தொட்டால் தொட்டது அதற்குப் போய்விடும்; அப்புறம் அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று விளக்கினேன். படிப்பகத்தில் இப்படிப் பேசிய ஒருவரை அவர் விட்டுவைத்திருக்க மாட்டார். என்னிடம் மட்டும், “சரி, பாத்து வச்சிக்க” என்றார்.

அதன்பின் நான் காஞ்சிபுரத்தை ஒற்றைக் கையால் கண்டேன். கோயில் குளத்தங்கரையில் நின்று, அந்த நீருக்கு அடியில் ஒரு பெருமாள் படுத்திருக்கிறார், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார் என்று அப்பா சொன்னபோது, நான் முழங்காலிட்டு இடக்கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன். மீன்கள் தெரிந்தன. அவற்றுக்கு அவரைத் தெரிந்திருக்கும் என்று பொறாமைப்பட்டேன். மிளகும் சுக்கும் மணக்கும் குடலை இட்லியை மந்தாரை இலையில் வாங்கிவந்தார் அப்பா. இடக்கையால் உண்ணக்கூடாது, வலக்கையைத் திறக்கக்கூடாது. இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரே பிட்டுப் பிட்டு என் வாயில் வைத்தார். போகிறவர்கள், “கொழந்தைக்குக் கையில இன்னா அடியா?” என்று இரங்கினார்கள். “ஒண்ணுமில்ல, புடிவாதம்” என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

நெசவாளர் தெரு ஒன்றின் வழியாக நடந்தோம். தெருவின் நீளத்துக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயிலில் அது ஓர் ஓடைபோல் மின்னியது. ஒரு வாசலில் முழங்கைவரை அரக்குச் சிவப்பேறிய கைகளோடு சாயக்காரர் ஒருவர் உட்கார்ந்து தேநீர் அருந்தினார். அவரும் ஏதோ பெரிய பொருளைத் தொட்டுவிட்டவர், ஆனால் என்னைப் போல மூடிவைக்கத் தெரியாதவர் என்று எண்ணிக்கொண்டேன். அவர் என் மூடிய கையைப் பார்த்து, “அதுல இன்னா வச்சிக்கினுகிற பாப்பா? மிட்டாயா?” என்றார். நான் மூடிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பொறுப்பிலிருப்பவர்கள் எல்லாருக்கும் விடை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நண்பகலுக்குச் சற்று முன்பு, ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கயிலாசநாதர் கோயிலுக்கு வந்துசேர்ந்தோம். அப்பா உண்மையில் பார்க்க விரும்பிய இடம் அதுதான். “இதப் பாக்காதவன் காஞ்சிபுரத்தப் பாக்காதவன்” என்றபடி, மதிலையொட்டி வரிசையாக இருந்த சிற்றறைகள் ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்து நுழைத்து எடுத்தார். தூண்தோறும் பின்னங்கால்களில் நிமிர்ந்த சிங்கங்கள். மணற்கல்லில் ஆங்காங்கே பழைய வண்ணத்தின் பச்சையும் செம்மையும் இன்னும் ஒட்டியிருந்தன. ஒரு சிங்கம் சிரிக்கிறது என்றேன் நான். உறுமுகிறது என்றார் அவர். நெடுநேரம் வாதிட்டோம்.

கருவறையைச் சுற்றிவர அங்கே ஒரு குறுகிய வழி உண்டு. ஒருபுறம் தரையோடு தரையாக ஒரு வளை. அதில் தவழ்ந்து நுழைந்து, இருட்டுக்குள் சுற்றிவந்து, மறுபுறத்து வளையால் தவழ்ந்து வெளியேற வேண்டும். அதைச் செய்தவர்க்கு மறுபிறப்பில்லை என்றார் குருக்கள்.

“அதையும் பாத்துட்டு வந்து சொல்றேன் சாமி” என்றார் அப்பா.

குருக்கள் அவரை மேலிருந்து கீழாகவும், பிறகு நடுப்பகுதியில் சற்றுத் தங்கியும் பார்த்தார். “நடை சாத்தற நேரம் ஆறது. போறதுன்னா சட்டுனு போங்கோ. வயித்தை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்கோ.”

அப்பா அதில் நுழைந்ததற்கு ஆராய்ச்சி ஆர்வமே காரணம் என்று பின்னாளில் சொல்லிவந்தார். நான் முன்னே போனேன். இடக்கை முழங்கையையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கை முட்டியை நெஞ்சோடு அணைத்து, நண்டு போல ஊர்ந்தேன். இருட்டில் வௌவால் வாடை. பின்னால் அப்பாவின் மூச்சு. எனக்கோ ஒரே மகிழ்ச்சி. வெளியே வந்து எழுந்து நின்று, அடுத்து அவர் வருவதைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தேன். தலை வந்தது. இரு கைகளும் வந்தன. தோள்களும் சற்றே சாய்ந்து வந்துவிட்டன. அவ்வளவோடு நின்றது.

“வாங்கப்பா.”

“வந்துக்கினுதான் இருக்கேன்.”

வரவில்லை. பின்னுக்குப் போகப் பார்த்தார், அதுவும் இயலவில்லை. மேலே கல், கீழே கல், நடுவில் அப்பா. நான் இடக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். குருக்கள் ஓடிவந்து குனிந்து பார்த்தார். “மூச்சை விடுங்கோ! உள்ளே இழுத்துப் பிடிச்சு வெச்சிண்டா எப்படி வருவேள்?” அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வயிறு இன்னும் இறுகியது. குருக்களும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

சட்டென்று அப்பா சிரிப்பதை நிறுத்தினார். முகம் கருத்துச் சிவந்தது. “பாப்பா, ரெண்டு கையும் குடுமா” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. இரு கைகளையும் கொடுத்தேன். காலைக் கல்லில் உதைத்து, குருக்கள் மூச்சை விடு மூச்சை விடு என்று கத்த, என் உடம்பிலிருந்த வலிமை எல்லாவற்றையும் கூட்டி இழுத்தேன். சட்டையின் ஒரு பொத்தான் தெறித்தது. அப்பா வெளியே வந்தார்.

“மறுபிறப்பு இல்லேன்னு சொன்னேன். இங்கேயே ஒண்ணு ஆயிடுத்து!” என்றார் குருக்கள்.

அப்பா தரையில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே என் கைகளை விடாமல் பிடித்திருந்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். என் வலக்கை விரிந்து, அவருடைய வலக்கைக்குள் முழுதாக ஒட்டிக் கிடந்தது.

நான் அழுத அழுகையில் மதிலடியில் இருந்த புறாக்கள் எழும்பின. குருக்கள் அடிபட்டதோ என்று அஞ்சினார். பிறகு, கதவைச் சாத்தவேண்டும் என்று பணிவாக நினைவூட்டினார். பெருமாள் கோயிலும் இந்நேரம் சாத்தியிருப்பார்கள். நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் ஊருக்குப் பகல் ஒரு மணிக்கு ஒரு பேருந்து. அதை விட்டால் விளக்கு வைக்கும் வேளையில் அடுத்தது. அதுவரை அம்மா உண்ணாமல் இருப்பார். நான் போனபின் உண்பதாகத்தான் சொல்லியிருந்தார். இப்போது நான் போயும் என்ன?

வெளி முற்றத்தில், நாங்கள் வாதிட்ட சிங்கத்துக்குக் கீழே, அப்பா என்னை உட்காரவைத்துத் தெளிவுபடுத்த முயன்றார்.

“தொட்டது தொட்டதுதான்மா. கையில இன்னா சாயமா பூசிக்கினு வந்த, என்மேல ஒட்டிக்கறதுக்கு?”

“ஒட்டாதா?”

“ஒட்டாது.”

“அப்ப அம்மாவுக்கு மட்டும் எப்பிடி ஒட்டும்?”

அப்பா வாயைத் திறந்தார். அதற்குரிய விடை அவரிடம் இருந்தது. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் அதை அவர் பல ஞாயிறுகளில் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். அன்று சொல்லவில்லை. சிங்கத்தின் காலடியில் உட்கார்ந்து, தெறித்த பொத்தானின் நூலை நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“சரி. இப்ப அது எங்க இருக்குது?”

நான் விம்மலோடு அவருடைய வலக்கையைச் சுட்டினேன்.

“முழுசா வந்துடுச்சா? உன்கிட்ட கொஞ்சமாவது மிச்சம்?”

என் உள்ளங்கையை ஆராய்ந்தேன். அதில் வெறும் மணல்தான் இருந்தது. “எல்லாம் உங்ககிட்டதான் இருக்குது.”

“அப்ப நான் கொண்டாறேன், எழுந்திரு” என்று சொல்லி, அப்பா தம் பெரிய வலக்கையை மூடிக்கொண்டார்.

நான் அவரை நம்பவில்லை. வழியெல்லாம் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஈ மொய்த்தபோது இடக்கையால் ஓட்டினார். பேருந்தில் ஏறும்போது இடக்கையால் கம்பியைப் பற்றி, நிலைதடுமாறி, பின்னால் வந்தவரின் காலை மிதித்தார். உட்கார இடமில்லை. பயணச்சீட்டுக்கு அவர் சட்டைப் பையில் இருந்த பணத்தை நான் எக்கி எடுத்துக் கொடுத்தேன்.

பேருந்து நகர்ந்த பிறகுதான், பின்னிருக்கையில் எங்கள் ஊர்த் தையற்கடைக்காரர் இருப்பதைக் கண்டோம். படிப்பகத்தில் அப்பாவுக்கு அடுத்தபடியாகப் பேசுபவர் அவர். பேச்சின் நடுவே அப்பாவைத் தலைவரே என்றழைப்பவர்.

“இன்னா தலைவரே, குடும்பத்தோட ஊர்வலமா?”

“பாப்பாவுக்கு ஊரச் சுத்திக் காட்டுனேன்.”

“நல்லதாப் போச்சி. இந்தாங்க, வேர்க்கடல. சூடா இருக்குது. கைய நீட்டுங்க.”

அப்பா கம்பியைப் பற்றியிருந்த இடக்கையை விடுவித்து நீட்டினார். அந்நேரம் பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கியது. கடலை சிதறியது, அப்பாவின் நெற்றி மேற்கம்பியில் மோதியது. வலக்கை திறக்கவில்லை. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, ரெண்டு கையாலியும் கம்பியப் புடிங்கண்ணே! வுழுந்தா என்னையத்தான் கேப்பாங்க” என்றார் நடத்துநர்.

“ஒரு கைதான் புடிக்க முடியும்பா.”

“ஏன்? அந்தக் கையில இன்னா?” என்று தையற்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “காலையிலருந்து தங்கம் எதனா எடுத்தீங்களா? தெறங்க தலைவரே, நாங்களும் பாக்கறோம்.”

அப்பா என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. புண், சுளுக்கு, முள். எத்தனையோ இருந்தன.

“பல்லி” என்றார் அப்பா.

“இன்னாது?”

“கோயில் பல்லி. தொட்ட கை. வீட்டுல அவளுக்குக் கொண்டுபோறேன்.”

பேருந்தே சிரிப்பில் வெடித்தது. தையற்கடைக்காரர் இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “கேட்டீங்களாபா! நம்ம தலைவரு பல்லி தூக்கிக்கினு போறாரு!” முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி, “வுழாம புடிச்சிக்க ராசா” என்றாள். ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. கைய மட்டும் யாரும் இடிக்காதீங்க” என்றார் அப்பா.

தையற்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப ஞாயித்துக்கெழம மீட்டிங்குல இன்னா பேசப்போறீங்க தலைவரே?”

“அன்னிக்கு நீ பேசு” என்றார் அப்பா.

நெற்றி புடைக்கத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை. தராசின் முள்ளைப் பார்ப்பவர் போல, தம் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் வரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கி அடங்கி எழுந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் அத்தை செம்புத் தண்ணீரோடு வந்தார். “கை கால கழுவிக்கினு உள்ள போ தம்பி. தெருத்தெருவா சுத்திட்டு வந்திருக்க.”

“கால்ல மட்டும் ஊத்துக்கா” என்று சொல்லி, கையை உயரத் தூக்கிக்கொண்டார் அப்பா. அத்தை ஊற்றினார்.

அம்மா உள்ளறையில் சுவரில் சாய்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் என்னை நோக்கிக் கையை நீட்டினார். ஆனால் அப்பா முந்திக்கொண்டார். அந்தப் பேருருவம் தரையில் மண்டியிட்டது. மூடியே வந்ததால் மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக இடக்கையால் பிரித்துவிட்டார். உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு தடங்கள் இருந்தன. அந்தக் கையை அம்மாவின் தலையில் வைத்தார்.

“கொண்டாந்துட்டேன்” என்றார்.

தலையில் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று அத்தை எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆயினும் அப்பா வைத்திருந்த நேரம் தேவைக்கு மிகுதி என்றே எனக்குப் பட்டது. அம்மா கண்களை மூடிக்கொண்டார். அத்தை செம்பை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு வேலையும் இல்லாத கொல்லைப்புறத்துக்குப் போனார்.

அடுத்த மாதம் பிறந்த என் தம்பி இப்போது பேரன் பேத்திகளைக் கண்டுவிட்டான். சென்ற ஆண்டு அவனும் நானும் அந்தக் கயிலாசநாதர் கோயிலுக்குப் போயிருந்தோம். வளையைக் குனிந்து பார்த்துவிட்டு, தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, வேண்டாம் அக்கா என்று விலகிவிட்டான்.

அன்று எனக்கோ பொறுக்கவில்லை. காலையிலிருந்து நண்பகல்வரை சுமந்தவள் நான். இட்லியைக்கூடப் பிறர் கையால் உண்டவள் நான். அப்பா குளிக்கப் போனதும் அம்மாவின் அருகில் ஒட்டி உட்கார்ந்து, அடக்கிவைத்திருந்த உண்மையைக் கொட்டிவிட்டேன்.

“அம்மா, அப்பா பல்லியத் தொடவே இல்ல. நான்தான் தொட்டேன். அவரு பொந்துல மாட்டிக்கினாரு. இழுக்கச்சொல்ல என்கிட்டருந்து அவருக்குப் போயிட்டுச்சி.”

அம்மா அதிர்ச்சியடைந்து தலையை என் கைக்குக் கீழே கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தேன். கையையும் ஆயத்தமாக நீட்டினேன். அவர் அந்தக் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

“பஸ்ஸுல வரச்சொல்லகூடவா மூடிக்கினு வந்தாரு?”

“ஆமா.”

“யாரும் கேக்கல?”

“கேட்டாங்க. தையக்கடைக்காரரு கேட்டாரு. பல்லின்னு சொன்னாரு.”

“அவருகிட்டியா? அவரே சொன்னாரா?”

“ஆமா. எல்லாரும் சிரிச்சாங்க.”

அம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போது கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அத்தை கொண்டுவந்து வைத்த தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “மொதல்லருந்து சொல்லு. பஸ்ஸுல ஏறுனதுலருந்து.”

சொன்னேன். தலை இடித்துக்கொண்ட இடத்தை இருமுறை சொல்லச் சொன்னார். நடத்துநர் என்ன சொன்னார், கூடைக்காரி என்ன சொன்னாள், அப்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டார். நானோ தங்கப் பல்லியைப் பற்றிச் சொல்ல வந்தவள். கல்லில் செதுக்கிய சங்கிலி, நீருக்கடியில் படுத்திருக்கும் பெருமாள், சிரிக்கும் சிங்கம், குதிரைவண்டி, தெருநீளப் பாவு என ஒரு நகரமே என் நாவின் நுனியில் வந்து காத்திருந்தது. அவற்றுள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. அத்தை இரண்டாம் முறை சோறிட்டதைக்கூட அறியாமல் உண்டுகொண்டே, மறுபடியும் பேருந்திலிருந்து தொடங்கச் சொன்னார்.

இவ்வளவு பெரிய ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம், வெறும் பேருந்துப் பயணத்தைக் கேட்கும் அம்மாவை எண்ணி எனக்கு இரக்கமாக இருந்தது. வெளியூர் போகாதவர்களுக்கு எதைக் கேட்பதென்று தெரியாது என்று முடிவு செய்துகொண்டு, நான் பொறுமையோடு மூன்றாம் முறையாகப் பேருந்தில் ஏறினேன்.